முதல் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதிகாரிகளில் உங்களைக் கவர்ந்தவர் யார்? ஏன்?

என் ஓட்டு மேக்ஸ் ஹார்ட்டனுக்கு.

யாருக்கும் பிடிகொடுக்காத ஆளை ‘அவன் ஒரு எம்டன்’ என்பார் என் அப்பா. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதிலிருந்து அந்தக் காலக் கடற்போர்க் கதை எது கிடைத்தாலும் படிப்பேன். அப்படிச் சிக்கியவர்தான் ஹார்ட்டன். ஆங்கிலேயர் பக்கத்து எம்டன்.

1883இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பிறந்தவர். பதினான்கு வயதில் கடற்படைப் பயிற்சிக்குப் போனார். அப்போது பிரிட்டனிடம் ஒரு நீர்மூழ்கிகூடக் கிடையாது. வந்தபின்னும் அதற்கு மரியாதை இல்லை. ஆரம்பகால ஏ வகைப் படகுகளில் பெட்ரோல் எஞ்சின். விஷப்புகை கசிந்தால் தெரியட்டும் என்று கூண்டில் வெள்ளெலி வைத்திருப்பார்கள். எலி சுருண்டால் ஆள் மேலே ஓட வேண்டியதுதான். பெரிய கப்பல்காரர்கள் இவர்களை எண்ணெய்க்கறை படிந்த மெக்கானிக்குகளாகத்தான் பார்த்தார்கள். நீர்மூழ்கியில் பிடிபடும் எதிரிகளைக் கடற்கொள்ளையர்களைப் போலத் தூக்கில் போட வேண்டும் என்று அட்மிரல் ஆர்தர் வில்சன் சொன்னதாக ஒரு பேச்சு கடற்படையில் உலவியது. அதை ஹார்ட்டன் மறக்கவில்லை.

1914 செப்டம்பர் 13 காலை. ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் தீவுக்குப் பக்கத்தில் அவருடைய நீர்மூழ்கி ஈ-9 பெரிஸ்கோப்பை உயர்த்துகிறது. எதிரே ஹேலா என்ற ஜெர்மன் க்ரூசர். சில நூறு கஜ தூரத்திலிருந்து இரண்டு டார்ப்பீடோ விட்டார், ஹேலா மூழ்கியது. பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் தடவை. ஜெர்மன் படகுகள் நாளெல்லாம் தேடின, கிடைக்கவில்லை. அப்புறம் ஹார்விச் துறைமுகத்துக்குத் திரும்பும்போது கொடி ஏற்றினாரே, அங்கேதான் எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது. மண்டையோடும் எலும்பும் போட்ட கறுப்புக் கொடி! கொள்ளைக்காரன் என்றுதானே சொன்னீர்கள், இந்தாருங்கள். பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1982 ஃபாக்லாந்து போரிலிருந்து திரும்பிய கான்கரர்கூட அதே கொடியோடுதான் வந்தது.

அடுத்த மாதமே ஒரு ஜெர்மன் டிஸ்ட்ராயரையும் மூழ்கடித்தார். அதோடு பால்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். டென்மார்க்கை ஒட்டிய ஜலசந்தியில் முங்கக்கூட ஆழம் இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக மேல்மட்டத்திலேயே நழுவ வேண்டும். சேர்ந்து கிளம்பிய ஈ-11 முடியாமல் திரும்பிவிட்டது. போன இடத்தில் குளிர்காலம் வந்ததும், கூட்டாளிகளான ரஷ்யர்கள் ‘பனிக்காலத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை’ என்றார்கள். ஹார்ட்டன் ஒரு பனி உடைக்கும் கப்பலை முன்னால் விட்டுப் பின்னாலேயே போனார். தெறிக்கும் தண்ணீர் அப்படியே உறைந்து, பெரிஸ்கோப், டார்ப்பீடோக் குழாய் மூடி எல்லாம் இறுகிக்கொண்டன. அவர் செய்தது ஒன்றே ஒன்று: முங்கினார். அடியில் இருந்த தண்ணீர் மேலே வீசிய காற்றைவிட வெதுவெதுப்பு, பனி கரைந்தது. அதற்கப்புறம் குளிர்காலமும் வேட்டைக்காலம்தான். பால்டிக்கை ‘ஹார்ட்டன் கடல்’ என்று ஜெர்மானியர்களே சொன்னதாகக் கதை உண்டு. பால்டிக்கில் பிரிட்டிஷ் தலைமை அதிகாரியாக இவரே இருக்கட்டும் என்று ரஷ்யர்கள் கேட்டபோது லண்டனில் எழுதப்பட்ட குறிப்பு: இவர் கொஞ்சம் கொள்ளைக்காரர் மாதிரி ஆள், அந்தப் பதவிக்குச் சரிவரமாட்டார்!

நடுவில் நிறைய இருக்கிறது. 12 அங்குல பீரங்கி பொருத்திய எம்-1 என்ற விசித்திர நீர்மூழ்கிக்குத் தலைமை, பிறகு படிப்படியாகப் பதவி உயர்வு, 1940இல் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் எல்லாவற்றுக்கும் அதிபதி. அதையெல்லாம் விடுங்கள். 1942 நவம்பரில் அவரை லிவர்பூலுக்கு அனுப்பினார்களே, அதுதான் விஷயம். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடும் யு-போட்களை, அதாவது ஜெர்மன் நீர்மூழ்கிகளை, ஒடுக்க வேண்டும். பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்திருப்பார்கள். எதிரே யு-போட்களுக்குத் தலைவராக இருந்த டோனிட்ஸும் முதல் உலகப்போரில் நீர்மூழ்கி கேப்டன்தான். 1918இல் படகைப் பறிகொடுத்துப் பிரிட்டிஷாரிடம் கைதியானவர்.

இனிமையான மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பகலில் கோல்ஃப், இரவில் சீட்டு, அதற்குமேல் நடுராத்திரி வரை வேலை. கீழே இருந்தவர்களுக்குத் தூக்கம் போச்சு. ஆனால் கான்வாயோடு, அதாவது காவலோடு அணியாகப் போகும் சரக்குக் கப்பல்களோடு, ஒட்டிக்கொண்டே போகாமல், நீர்மூழ்கியைத் துரத்திப் பிடிக்கவென்றே தனிக் கப்பல் குழுக்களை இறக்கினார். 1943 மே மாதம் மட்டும் நாற்பதுக்கும் மேல் யு-போட்கள் போயின. டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து படையை விலக்கிக்கொண்டார்.

லிவர்பூலில் அவர் தலைமையகம் இருந்த அதே கட்டடத்தின் மேல்மாடியில், லினோலியம் தரையைக் கடலாக்கி ஒரு போர் விளையாட்டு நடத்துவார்கள். காவல் கப்பல்காரர் திரைக்குப் பின்னால் சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்கலாம். நீர்மூழ்கி போகும் தடத்தைப் பச்சைச் சாக்பீஸால் வரைவார்கள், அது அந்த ஓட்டை வழியே தெரியாது. புதிதாக வந்த ஹார்ட்டன் ‘நான் நீர்மூழ்கி’ என்று ஆட்டத்தில் இறங்கினார். ஐந்து ஆட்டம், ஐந்திலும் மூழ்கடிக்கப்பட்டார் என்று சொல்வார்கள். என் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள் என்று கடுப்பாகி, எதிரணி ஆளைக் கூப்பிடச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் ஜேனட் ஓகெல், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்.