உறுப்பினர் அட்டைக் கடைக் கணக்கு: கேள்வி-பதில்

சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் விற்கும் அமெரிக்க மொத்தக் கடை கோஸ்ட்கோ தன் அமெரிக்கச் சரக்கிருப்பை லிஃபோ முறையில் (கடைசியாக வந்த சரக்கே முதலில் விற்றதாகக் கொள்வது) மதிப்பிடுகிறதாமே. டர்பனில் என் மொத்தக் கடைக்கும் அப்படிச் செய்யலாமா? (வெருலம்)

கூடாது. அது அமெரிக்க விதி. நாம் பின்பற்றும் சர்வதேசக் கணக்கு நெறியான ஐஎஃப்ஆர்எஸ்ஸில் லிஃபோ 2005 முதலே கிடையாது. நம் தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் அதை ஏற்பதில்லை. ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் விற்றதாகக் கொள்வது) அல்லது சராசரி விலை, இரண்டில் ஒன்று.

புதுக் கிளை திறக்கும் முன் கொடுத்த சம்பளம், விளம்பரச் செலவை எல்லாம் சொத்தாகக் காட்டலாமா? (ஃபீனிக்ஸ்)

செலவான ஆண்டிலேயே செலவு. கோஸ்ட்கோவும் அப்படித்தான் எழுதுகிறது. அலமாரியும் ஃப்ரீசரும் மட்டும் சொத்து.

உறுப்பினர்களிடம் ஆண்டுச் சந்தா வாங்கினேன். புக்கீப்பர் முழுவதையும் வருமானத்தில் போட்டுவிட்டார். லாபம் நன்றாக வந்திருக்கிறது. சரிதானே? (சாட்ஸ்வொர்த்)

எந்த மாதம் வாங்கினீர்கள், கணக்காண்டு எப்போது முடிகிறது, தொகையில் வாட் சேர்ந்திருக்கிறதா? மூன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், இவற்றை எழுதாமல் அனுப்பாதீர்கள்.

சரி, நானே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன். அக்டோபர் 1 அன்று 200 பேர், தலைக்கு 690 ரேண்ட். மொத்தம் 1,38,000. அதில் 15% வாட் 18,000 உங்கள் பணமே இல்லை. மீதி 1,20,000, மாதத்துக்கு 10,000. கணக்காண்டு முடியும் பிப்ரவரி வரை ஐந்து மாதம், ஆகவே வருமானம் 50,000தான். மிச்சம் 70,000 நீங்கள் உறுப்பினர்களுக்குப் பட்ட கடன். பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம்தான் அதற்கு இடம்.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் இப்படித்தான் முதலாண்டு லாபத்தை நம்பி வேன் வாங்கினார். மறு ஆண்டு சந்தா குறைந்தது, பழைய உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் சரக்கு கொடுக்கக் கையில் பணமில்லை. கடையை மூடினார். கோஸ்ட்கோவைப் பாருங்கள். 2024 கணக்காண்டில் அதன் சந்தா வருமானம் சுமார் 480 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 740 கோடி. அவ்வளவு பெரிய கடை, ஆண்டு முடிவில் சுமார் 250 கோடி டாலர் சந்தாவை இன்னும் சம்பாதிக்காத பணம் என்று பொறுப்பில் வைத்திருந்தது. அவர்களே பன்னிரண்டு மாதமாகப் பிரிக்கும்போது உங்களுக்கு என்ன அவசரம்?

வாட்டை மட்டும் பிரிக்க முடியாது. பில் போட்ட நாள், பணம் வந்த நாள், இதில் முந்தியது எதுவோ அந்தக் காலத்துக்கே முழு 18,000த்தையும் கட்ட வேண்டும். வருமான வரியும் வேறு வழி போகும். கைக்கு வந்த தொகை அந்த ஆண்டே மொத்த வருமானத்தில் சேரும். 24சி கழிவு (வாங்கிய பணத்துக்காகப் பின்னால் செய்ய வேண்டிய செலவுக்கு வருமான வரிச் சட்டம் தரும் கழிவு) கிடைக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். புத்தகக் கணக்கையும் வரிக் கணக்கையும் குழப்பாதீர்கள்.

உறுப்பினர்கள் சரக்கு வாங்கும் தொகையில் 2% அவர்களுக்கே திரும்பத் தருகிறோம். விளம்பரச் செலவா? (டோங்காட்)

இல்லை. விற்ற அன்றே விற்பனையிலிருந்து குறையுங்கள், எதிரே அதே தொகையைப் பொறுப்பில் எழுதுங்கள். அப்புறம், வரியில் 24சி கேட்கலாம் என்று யாராவது சொன்னால் 2021 தீர்ப்பைக் காட்டுங்கள். கிளிக்ஸ் என்ற சில்லறைக் கடை நிறுவனம் தன் கிளப்கார்டு புள்ளிகளுக்கு அதைக் கேட்டது, அரசியலமைப்பு நீதிமன்றம் தரவில்லை.

பரிசு வவுச்சரை ஓர் ஆண்டில் காலாவதியாக்கி வருமானத்தில் சேர்க்கலாமா? (ஐசிபிங்கோ)

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்து வாங்கிய வவுச்சர் முழுதும் தீரும் வரை, தீராவிட்டால் மூன்று ஆண்டு, செல்லும். அதுவரை அதுவும் சந்தா மாதிரிதான், பொறுப்பு.

கோஸ்ட்கோவின் 2023, 2024 விற்பனையை ஒப்பிட்டேன். வளர்ச்சி குறைவாகத் தெரிகிறதே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவர்)

2023 கணக்காண்டுக்கு 53 வாரம், 2024க்கு 52. ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.