நிதியமைச்சகத்திடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

நாடாளுமன்றத்தில் நிதியமைச்சகத்திடம் கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் இணையத்தில் தொடர்ந்து படித்து வருகிறேன். எம்.பி. ஐந்து உட்பிரிவுகளாகக் கேட்கிறார். பதிலோ "(அ) முதல் (உ) வரை" என்று ஒரே மூட்டையாக வருகிறது. இரண்டு பத்தி சட்ட விளக்கம், ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். என் வருமான வரியின் மேல் 4 சதவீதம் செஸ், அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி, பிடிக்கிறார்கள். அது எங்கே போகிறது என்று இந்தப் பதில்களை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வி நேரம் வெறும் சடங்காகிவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

ஐந்து கேள்விகளைச் சேர்த்துக் கட்டி ஒரே பதிலாகக் கொடுக்கும் வழக்கம் தவறானது. நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். பதிலில் என்ன வரும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கேள்வியின் அமைப்பு. நம் எம்.பி.க்கள் பலர் அந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டருக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 32.90 ரூபாய். "கலால் வரியாக எவ்வளவு வசூலானது, மாநிலங்களுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டால் ஒரு பெரிய தொகையும், மாநிலங்களுக்கான வரிப்பங்கை வகுத்துச் சொல்லும் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி பகிரப்படுகிறது என்ற வாசகமும் வரும். இரண்டுமே உண்மை. ஆனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதையே இனவாரியாகக் கேட்டால் கதை வேறு. அடிப்படைக் கலால் வரி 1.40. சர்சார்ஜ் வகையைச் சேர்ந்த சிறப்புக் கூடுதல் வரி 11. சாலை, உள்கட்டமைப்பு செஸ் 18. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. செஸ், சர்சார்ஜ் வகையில் வருவதை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 270, 271 பிரிவுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆக, பகிர வேண்டியது அந்த 1.40 மட்டும். 15ஆவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதப்படி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 57 காசு. அதில் தமிழகத்தின் பங்கு அப்போது 4.189 சதவீதம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டரைக் காசுகூட இல்லை. 32.90 என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனையும் இருந்தது.

உங்கள் 4 சதவீதத்துக்கு வருகிறேன். 2018 பட்ஜெட்டில், அதுவரை இருந்த 3 சதவீதக் கல்வி செஸ்ஸை எடுத்துவிட்டு, சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் என்று 4 சதவீதம் போட்டார்கள். பழைய 3 சதவீதத்தில் 1 சதவீதம் உயர்நிலைக் கல்விக்கும் மேற்படிப்புக்கும் என்று வாங்கியது. 2006-07 முதல் 2016-17 வரை அந்த வகையில் 83,497 கோடி ரூபாய் வசூலானது. அதைப் போட்டு வைக்கத் தனி நிதியமே இல்லை என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. சுட்டிக்காட்டியது. 2017 ஆகஸ்டில்தான் அதற்கென்று ஒரு நிதியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2018-19 கணக்கில் இன்னொன்று: 35 வகை செஸ், கட்டணங்களில் 2,74,592 கோடி வசூல், உரிய நிதியங்களுக்குப் போனது 1,64,322 கோடி. மீதி, ஒன்றிய அரசின் பொதுக் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணம் பள்ளிக்கூடத்தின் கணக்கில் ஏறவில்லை என்றால் அதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே "செஸ் எவ்வளவு வசூல்?" என்று கேட்பது வீண். வசூல் எவ்வளவு, எந்த நிதியத்தில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது, அதிலிருந்து செலவு எவ்வளவு, மார்ச் 31 அன்று இருப்பு எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மூட்டை கட்டுவது கஷ்டம். கட்டினாலும் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே கேள்வியோடு நின்றுவிடவும் கூடாது. முந்த்ரா விவகாரம் அப்படித்தான் வெளியே வந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் அரசு நிறுவனமான எல்.ஐ.சி. ஏறக்குறைய 1.24 கோடி ரூபாயைப் போட்டிருந்தது. 1957இல் மக்களவையில் முதலில் கேட்டபோது மழுப்பலான பதில்தான் கிடைத்தது. விடாமல் திரும்பக் கேட்டார்கள். டிசம்பரில் பெரோஸ் காந்தி விவரங்களை அடுக்கிப் பேசினார். அவர் ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன் என்பதை நினைவில் வையுங்கள். நீதிபதி சாக்லா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதியமைச்சராக இருந்த நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலக வேண்டி வந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து இப்படி ஒருவர் எழுந்து கேட்பதை இன்றைக்குக் காண முடியவில்லை. எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் நேரில் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாதவை 230, எழுத்தில் மட்டும் பதில். எது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஆகவே ஒரே விஷயத்தைப் பல உறுப்பினர்கள் கேட்டால் வாய்ப்பு கூடும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே பொது ஆவணங்களில் எளிதாகக் கிடைக்கும் தகவலைக் கேட்டால் ஏற்க மாட்டார்கள். பட்ஜெட் ஆவணங்களை முதலில் பார்த்துவிடுங்கள். "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு கொடுத்த உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது.

உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். கோரிக்கை மனுவாக வேண்டாம், அப்படியே தாக்கல் செய்யும்படி கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். பழைய பதில் ஏதாவது திருப்தியில்லை என்றால் அதன் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அப்புறம் அமைச்சகம் அதே பத்தியைத் திருப்பிப் போட முடியாது. கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்பே கொடுக்க வேண்டியிருப்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே அது அவர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.