நினைவு போனால் நாளையும் போய்விடுமா?

பழைய அனுபவமும் எதிர்கால ஏக்கமும் நம்மை எப்படி உருவாக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. நாளையை நாம் கட்டுவதே நேற்றின் துண்டுகளைக் கொண்டுதான்.

கனடாவைச் சேர்ந்த, மருத்துவ ஆய்வுகளில் கே.சி. என்று குறிக்கப்படுபவருக்கு 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்து. நினைவுகளைப் பதிய வைக்கும் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி இரு பக்கமும் கடுமையாகச் சேதமானது. அதன்பிறகும் செஸ் ஆடினார், உலக விவரங்கள் சொன்னார். ஆனால் தான் வாழ்ந்த ஒரு நாளைக்கூட மனக்கண்ணில் பார்க்க முடியவில்லை. நாளை என்ன செய்வார் என்று உளவியலாளர் எண்டெல் டல்விங் கேட்டபோது, அங்கும் வெறுமைதான். எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது.

இன்னொன்று: ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் மாற்றி எழுதப்படலாம். அதனால் பழைய தோல்வி இறுதித் தீர்ப்பு அல்ல.

ஏக்கத்துக்கும் ஒரு பக்குவம் வேண்டும். வெற்றியை மட்டும் கனவு கண்டால் முயற்சி தளரும் என்பது உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வு முடிவு. விருப்பத்தை ஒரே வரியில் எழுதுங்கள். கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். உடனே உங்களுக்குள் இருக்கும் தடையை எழுதுங்கள். பிறகு, அந்தத் தடை வந்தால் என்ன செய்வீர்கள் என்று, 'இரவு 9 மணிக்குக் கை போனைத் தேடினால், புத்தகத்தைத் திறப்பேன்' என்பதுபோல ஒரு வரி.