ஒரே மாத்திரை, உள்ளே நான்கு மருந்து

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்கும் பிராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஜலதோஷம் பிடித்தபோது மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சளி மாத்திரையை மூன்று வேளையும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் 650-ஐ நான்கு வேளையும், வீட்டில் மீந்திருந்த லீவோசெட்ரிசினை இரவிலும் எடுத்துக்கொண்டார். மறுநாள் பகலெல்லாம் தூங்கி வழிந்தார். சிறுநீர் கழிக்கவும் மிகவும் சிரமப்பட்டார். எல்லாமே சாதாரண மாத்திரைகள்தானே?
- வாசகி, திருச்சி

பதில்: தனித்தனியே பார்த்தால் சாதாரணமானவைதான். ஆனால் சளி மாத்திரை என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு மருந்தல்ல. பாரசிட்டமால் 500 மி.கி., மூக்கடைப்புக்கான பினைல்எஃப்ரின் 5 அல்லது 10 மி.கி., குளோர்பெனிரமின் 2 மி.கி. ஆகியவை சேர்ந்த கலவை அது. சிலவற்றில் காஃபீனும் உண்டு. தங்கள் தந்தை சாப்பிட்ட மாத்திரையும் இத்தகையது என்று கொண்டால், ஒரு நாளில் அதிலிருந்து 1,500 மி.கி., காய்ச்சல் மாத்திரையிலிருந்து 2,600 மி.கி., ஆக 4,100 மி.கி. பாரசிட்டமால் அவர் உடலுக்குள் போயிருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு 4,000 மி.கி.தான் உச்சவரம்பு. முதியவர்களுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தினமும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும். முதல் நாளில் அதற்கான அறிகுறி எதுவும் தெரியாமலே போகலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

குளோர்பெனிரமினும் லீவோசெட்ரிசினும் ஒரே வேலையைச் செய்யும் அலர்ஜி மருந்துகள். இரண்டும் சேர்ந்ததால் தூக்கம் கூடியிருக்கிறது. குளோர்பெனிரமினுக்கு, சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும் குணமும் உண்டு. பினைல்எஃப்ரின் இரத்தக் குழாய்களை இறுக்குவதைப் போலவே சிறுநீர்ப்பையின் வாய்த் தசையையும் இறுக்கக்கூடியது. பிராஸ்டேட்டுக்காகத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் தளர்த்துவதும் அதே தசையைத்தான். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பினைல்எஃப்ரினைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கும் அந்த இறுக்கும் குணமே காரணம். இத்தனைக்கும், வாய்வழி உட்கொள்ளும் பினைல்எஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஒருமனதாகக் கூறிவிட்டது. பலன் சந்தேகம், தொல்லை மட்டும் நிச்சயம் என்ற மருந்தை இந்த வயதில் ஏன் விழுங்க வேண்டும்?

இனி, தொல்லைக்கு ஏற்ற ஒற்றை மருந்தை மட்டும் வாங்குங்கள். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாரசிட்டமால் போதும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே அவருக்கு ஏற்றது. கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுக்கும்போது, உட்பொருள் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. கத்தரிக்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளுடன் ஒப்பிட்டு, ஒரே பெயர் இரண்டில் இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். அடிவயிறு உப்பிச் சிறுநீர் அறவே வெளியேறவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு எழுதிக் கொடுத்த சளி சிரப்பை மூன்று வயது மகளுக்குப் பாதி அளவு தரலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. பல சளி சிரப்புகளில் இருக்கும், குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டார். பாதி அளவு என்பது இதற்கு விதிவிலக்கு ஆகாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் தருவதென்றாலும் பாட்டிலைப் பார்த்தே தர வேண்டும். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகைகள் உண்டு. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு மருந்தில் அளந்து ஊற்றினால் குழந்தைக்கு 500 மி.கி. போய்விடும். குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மி.கி., எந்தப் பாட்டிலிலிருந்து எத்தனை மி.லி. என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.