கீமோ தொடங்கும் முன் அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. முதலில் கீமோ, அதன்பிறகு அறுவை சிகிச்சை என்கிறார்கள். தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் குடும்பத்தோடு ஏற்காட்டில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரலாமா? எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

தாராளமாகப் போகலாம். அம்மாவுக்குப் போக ஆசை இருக்க வேண்டும், மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள். திடீரெனத் தாக்கி வேகமாக முற்றும் வகை ரத்தப் புற்றுநோய், வேகமாக வளரும் சில நிணநீர்ப் புற்றுக் கட்டிகள், முகம் கழுத்து வீங்கி மூச்சு முட்டுவது, முதுகுவலியோடு கால் வலுவிழப்பது, இப்படிப்பட்ட நிலைகளில் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு மருத்துவரே இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார் என்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. "போகலாமா டாக்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தத் தேதிக்குள் திரும்பி வர வேண்டும், ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, என்ன நடந்தால் உடனே போன் செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். அப்போதுதான் உபயோகமான பதில் வரும்.

இந்த 14 நாளில் முதல் நான்கைந்து நாள் மருத்துவமனை வேலைக்கு. விட்டுப்போன ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, பல் மருத்துவர், சர்க்கரைக்கு மூன்று மாத சராசரி எல்லாம் அதற்குள் முடியட்டும். கீமோ ஓடும்போது வெள்ளணு குறைந்திருக்கும், அப்போது சொத்தைப் பல் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை. சர்க்கரையை இப்போதே கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவோடு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது சர்க்கரையை ஏற்றிவிடும். ஃப்ளூ தடுப்பூசி போடச் சொன்னால் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பு போடுவதே நல்லது, ஆகவே அதுதான் முதல் வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் அனுமதிக்கான தாள்களைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். மலையில் உட்கார்ந்துகொண்டு "அந்த ரிப்போர்ட்டை அனுப்புங்க" என்ற போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஓய்வே இல்லை.

கீமோவுக்கு மூன்று நான்கு நாள் முன்பாவது வீட்டில் இருக்க வேண்டும். முதல் கீமோவுக்கு ஓரிரு நாள் முன்பு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். பயணத்தில் பிடித்த காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ அப்போது தெரிந்தால் தேதி தள்ளிப்போகும். இந்தப் பயணம் சிகிச்சையில் ஒரு நாளையும் தின்றுவிடக் கூடாது. அதனால் இரண்டு இரவு போதும், அதுவும் செவ்வாய் முதல் வியாழன் வரை. சனி ஞாயிறும், மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். மலைப்பாதையில் வண்டிகள் நத்தை மாதிரி நகரும், கழிவறைக்கு ஒதுங்கக்கூட இடம் கிடைக்காது.

இனி பாதை. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கும். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஒரு மணி நேரம் போதும். ஆனால் அம்மாவுக்காக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். வெறும் வயிற்றோடு ஏறினாலும் வாந்தி வரும், நெய்ப்பொங்கலை நிறையச் சாப்பிட்டு ஏறினாலும் வரும். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல், தூரத்துச் சாலையில் கண் வைத்துக்கொள்ளட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். அவோமின் மாதிரி மாத்திரை என்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், பத்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை. அது தூக்கம் வரவைக்கும். வலிக்கு மார்ஃபின் வகை மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, பயணத்தில் வாந்தி எடுக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குக் கீமோவிலும் குமட்டல் கூடுதலாக வர வாய்ப்புண்டு. இதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், வாந்தித் தடுப்பு மருந்தை அதற்கேற்பத் தருவார்.

பயாப்சி எடுத்த பக்கம் சீட் பெல்ட் உரசும். கைத்துண்டை நான்காக மடித்து பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் வையுங்கள், வலிக்கிறது என்று பெல்ட்டையே கழற்றிவிடாதீர்கள். வண்டி ஓட்டுபவர் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வரட்டும். திடீர் பிரேக் ஒவ்வொன்றும் அந்த இடத்தில்தான் போய் இழுக்கும். குப்பனூர் வழிப் பாதையில் சுற்று அதிகம், வளைவும் நெரிசலும் குறைவு. குமட்டல் அதிகமுள்ளவர்களுக்கு அதுவே மேல்.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலத்தைவிட 7, 8 டிகிரி குளிர்ச்சி. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, சாதாரணமாக இருப்பவருக்கு அது தெரியாது. ஹீமோகுளோபின் 8, 9 என்று இறங்கியிருந்தாலோ, நுரையீரலைச் சுற்றி நீர் இருந்தாலோ, மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கும். அதனால்தான் அந்த எண்ணை முதலிலேயே கேட்டு வைக்கச் சொன்னேன்.

அறைதான் இந்தப் பயணத்தின் உயிர். படம் பார்த்து முடிவு செய்யாமல் போன் போட்டுக் கேளுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? வெந்நீர் எந்த நேரமும் வருமா? ஜன்னல் வெயில் விழும் பக்கமா? மலை விடுதிகள் சரிவில் கட்டியவை. "தரைத்தளம்" என்று சொல்லி 30 படி கீழே இறக்கிவிடுவார்கள், ஏறும்போதுதான் தெரியும். மழை, பனிக்காலத்தில் கம்பளியில் பூஞ்சை வாடை அடிக்கும். முகர்ந்து பாருங்கள், வாடை இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அல்லது வீட்டுப் போர்வையை எடுத்துப் போங்கள். அந்த வாடையில் ஆரம்பிக்கும் இருமல் கீமோ நாள் வரை விடாது. தலையணையும் வீட்டுடையதே இருக்கட்டும். நோயைச் சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூங்காதவர்கள்தான் பெரும்பாலும், அம்மா அங்கே நாலு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாலே போய் வந்ததற்குப் பலன்.

சுற்றிப் பார்ப்பதை ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். ஒரு மாலை லேடீஸ் சீட்: இருட்டத் தொடங்கும்போது கீழே சேலம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், ஏறி வந்த பாதையில் வண்டி வெளிச்சம் வளைந்து வளைந்து போகும். சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக இருக்கும். இன்னொரு நாள் சேர்வராயன் கோயில், உச்சிக்கு அருகே வரை வண்டி போகும். ஆனால் சாமி குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும், பயாப்சி வலி இருந்தால் வெளியிலிருந்தே கும்பிடட்டும். கிளியூர் அருவி இந்தமுறை வேண்டாம், இறங்கியது அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். ஏரியில் மிதிபடகும் வேண்டாம். துடுப்புப் படகு என்றால் லைஃப் ஜாக்கெட்டின் பட்டை பயாப்சி பக்கம் இறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பித் தோட்டங்கள் ஒரே வெள்ளையாகப் பூக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடிக்குக் கீழே மல்லிகை போல வாசனை. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். கீமோ தொடங்கியபின் பலருக்கு வாசனையும் ருசியும் மாறிப்போகும், தாளிக்கும் வாசனையே குமட்டும். இப்போது மூக்கு நன்றாக இருக்கும்போதே அந்தப் பூவையும், பிடித்த காப்பியையும் அனுபவிக்கட்டும்.

குரங்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வளைவுகளிலும் பகோடா பாயிண்டிலும் கையில் பை இருந்தால் பிடுங்கும். மருந்துப் பையைப் பிடுங்கினால் ஒரு இழப்பு. நகம் கீறினால் அதைவிட மோசம்: வெறிநாய்க்கடித் தடுப்பூசித் தொடர் 28ஆம் நாள் வரை போகும், அதற்குள் கீமோ வந்து தடுப்பூசியின் பலத்தையே குறைத்துவிடலாம். தின்பண்டத்தை வண்டிக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி, சூடாக வந்தால் சாப்பிடலாம். ஏரிக்கரையில் எண்ணெயிலிருந்து எடுத்த மிளகாய் பஜ்ஜி ஒன்றில் ஆபத்தில்லை. காலையிலிருந்து திறந்து கிடக்கும் சட்னியும், நறுக்கி வைத்த அன்னாசியும்தான் வயிற்றைக் கெடுக்கும். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியது. தெரிந்தவர் சொன்னார் என்று எந்த மூலிகைக் கஷாயமும் இந்த இரண்டு வாரத்தில் புதிதாக வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரல் அளவுகளைக் கூட்டிவிடும், அதைப் பார்த்தால் மருத்துவர் கீமோவை நிறுத்தி வைப்பார்.

சர்க்கரை மாத்திரை போட்டு, குமட்டலில் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பாடு முன்னால் வந்தபிறகு மாத்திரை கொடுங்கள். கைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்கக் கூடாது. மூன்று நாளைக்கு ஐந்து நாள் மருந்து, தெர்மாமீட்டர், ரிப்போர்ட்டுகளின் நகல் போதும், அசல் வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, கால் மரத்து சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். முதலுதவிக்கு ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை உண்டு, 108 உண்டு, சேலம் ஒரு மணி நேரம்தான். எஸ்டேட்டுக்குள் சில இடங்களில் சிக்னல் இருக்காது, எங்கே கிடைக்கும் என்று விடுதியில் கேட்டு வையுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது கூட்டம்தான். ஒரு வண்டியில் அடங்கும் ஆட்கள் மட்டும் போங்கள். சித்தி, அத்தை, பெரியப்பா எல்லாரும் வர ஆசைப்படுவார்கள், அன்பாகத்தான். ஆனால் வந்தவர்கள் எல்லாரிடமும் அம்மாதான் காப்பி வேண்டுமா என்று கேட்பார், சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார், நடுநடுவே ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொல்வார். வீட்டில் ஒருவர் உறவுக்காரர்களின் போனை எடுத்துப் பேசட்டும், அம்மாவின் போன் அணைந்திருக்கட்டும். நோய்ப் பேச்சுக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்வது பலருக்கு உதவுகிறது, மாலைக் காப்பிக்குப் பிறகு அரை மணி. முடி கொட்டும் விஷயத்தை அப்போது பேசலாம். முதல் கீமோ போட்டு இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வதா, ஸ்கார்ஃப் எந்த நிறம், எல்லாம் அம்மாவின் முடிவு. வீட்டில் குழந்தைகள் இருந்தால், "பாட்டிக்கு மருந்து போடும்போது முடி கொட்டும், அப்புறம் முளைக்கும், தொட்டா ஒட்டாது" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அம்மா மறுத்தால் போட்டோ எடுக்க வேண்டாம்.

கிளம்பும் காலை அம்மாவுக்கு மனமில்லை என்றால், முன்பணம் போனாலும் போகட்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்காவது வெயில் ஏறும் முன் ஒரு மணி நேரம் மரநிழலில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். போய்வந்தால், இறங்கிய அன்று யாரையும் பார்க்க வரச் சொல்லாதீர்கள். இரவு ரசம் சாதம், சீக்கிரம் தூக்கம், மறுநாள் காலை ஒருமுறை காய்ச்சல் பார்த்து எழுதி வையுங்கள்.