தங்கூசி சுற்றிய கடற்காகம்

கேள்வி: இறக்கையில் தங்கூசி (நைலான் தூண்டில் இழை) சுற்றி, தூண்டில் முள் குத்திய கடற்காகம் ஒன்று தனுஷ்கோடிக் கரையில் கிடைத்தது. வீட்டில் வைத்திருக்கிறோம். சோறும் தண்ணீரும் வைத்தால் தொடவில்லை. என்ன செய்வது?
- வாசகர், மண்டபம்

பதில்: முதலில் சோற்றை எடுத்துவிடுங்கள். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுத்துளை நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. ஊற்றும் நீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

தூக்கும்போது துண்டைத் தலைமேல் போட்டு, இறக்கைகளை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அலகு உங்கள் முகத்துக்கு எட்டாமல் இருக்கட்டும்.

துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித்துணி விரித்து, மூடி, நிழலில் வையுங்கள். ஃபேன் வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் இப்போது அதற்கு மருந்து. பிள்ளைகள் திறந்து திறந்து பார்த்தால், அந்தப் பயத்திலேயே செத்துப்போகும்.

முள்ளை இழுக்காதீர்கள், அதன் எதிர்முள் சதையைக் கிழிக்கும். தொங்கும் தங்கூசியை ஒரு சாண் விட்டு வெட்டினால் போதும். தங்கூசி வாய்க்குள் போயிருந்தால் முள் தொண்டையிலோ இரைப்பையிலோ இருக்கலாம், அந்த நுனி மருத்துவருக்குத் தேவை. இறக்கையை இறுக்கிய சுற்றை நீங்களே அறுத்து, பறக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. ரத்த ஓட்டம் நின்ற சதை சில நாள் கழித்துத்தான் அழுகும்.

இன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப்பறவையை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிடைத்த இடத்தையும் நேரத்தையும் பெட்டிமேல் எழுதிக் கொடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.