ஏகே துப்பாக்கி சுடும் காட்சி போலியாகத் தெரிந்தால்

பினாங்கில் எடுக்கும் உங்கள் குறும்படத்தில் ஹீரோ ஏகே துப்பாக்கியால் சுடுவது போலியாகத் தெரிகிறது, ஆன்லைனில் ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். மலேசியாவில் அதற்குத் தடை. 1960 ஆயுதச் சட்டத்தில் போலித் துப்பாக்கியும் மாட்டும். ஃபோமில் செய்ததையும் போலீஸைக் கேட்காமல் ஜார்ஜ் டவுன் தெருவில் தூக்காதீர்கள்.

கோளாறு எடிட்டிங்கில்தான். ஏகே நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு, நொடிக்கு 10. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒரு ஃபிளாஷ் (குழல் முனையில் தெறிக்கும் தீ). நீங்கள் ஒரே ஃபிளாஷை நாலு ஃபிரேம் நிறுத்தியதால் டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. ஒரு ஃபிரேம் போதும். ஒவ்வொன்றும் வேறு வடிவமாக இருக்கட்டும். அந்த ஃபிரேமில் மட்டும் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் வெளிச்சம் ஏற்றுங்கள். இதை விட்டால் வேறு எது செய்தும் ஒட்டாது.

30 குண்டு மேகசினை (குண்டு அடைக்கும் பெட்டி) வைத்து விடாமல் சுட்டால் 3 நொடியில் காலி. உங்கள் ஹீரோ 11 நொடி சுடுகிறார்! சுடுவதை 6 நொடிக்குள் குறைத்து, நடுவில் மேகசின் மாற்றும் ஷாட் ஒன்று வையுங்கள். தோட்டா உறை வலப்பக்கம் தெறிக்கட்டும். அப்புறம், குண்டு தீர்ந்தால் பிஸ்டலின் ஸ்லைடு (பின்னால் நகரும் மேல்பகுதி) மாதிரி வழக்கமான ஏகேயின் போல்ட் (குண்டை உள்ளே தள்ளும் பாகம்) பின்னால் நிற்காது. 'க்ளிக்' சத்தம் போதும்.